தெரியாது என்று சொல்லத் தெரியாத ராஜபார்ட்

நேற்று மாலை பதுளை ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். வேலை ஒன்றும் இல்லை. ரயில் ஊருக்கு வந்த நாளிலிருந்து, கடையை அடைத்ததும் அது வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவது என்று ஒரு பழக்கம். என் வயதுக்கு இது கொஞ்சம் அதிகம் என்று வீட்டில் அபிப்பிராயம். நேற்றைய வண்டியிலிருந்து ஒரு நாடகக் கம்பெனியின் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெட்டிக்குப் பூட்டு சரியில்லை போலும், கயிற்றால் கட்டியிருந்தார்கள். என்னைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போனபோது, அரிதாரமும் தேங்காயெண்ணெயும் பழைய சரிகையும் கலந்த வாசனை குப்பென்று வந்தது. அப்படியே நின்றுவிட்டேன். கம்பெனி ஆள் ஒருவன் கையில் ஒரு நோட்டீசைத் திணித்துவிட்டுப் போனான். நாடகம் இன்ன நேரத்தில் ஆரம்பித்து இன்ன நேரத்தில் முடியும் என்று அச்சடித்திருந்தது. ஆரம்பிக்கும் நேரம் போடலாம், சரி. முடியும் நேரத்தை எந்த தைரியத்தில் போடுகிறார்கள்? ஒரு நாடகம் முடியாமல் போனதால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்ததே.

நான் சொல்வது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும் காலம். அங்கிருந்து பதுளைக்கு மாட்டு வண்டிதான். துணி மூட்டை, கருவாடு, கல்யாண மாப்பிள்ளை எல்லாம் அதிலேதான் வந்து சேர வேண்டும். பஜாரில் என் தாய்மாமா துணிக்கடை வைத்திருந்தார். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து நான் அவரிடம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. துணி மடிப்பதைவிட எனக்குப் பேச்சு நன்றாக வரும். யார் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பேன். மழை எப்போது விடும், ரங்கூனில் அரிசி ஏன் ஏறியது, பசறைப் பாதையில் எந்தத் திருப்பத்தில் மண் சரியும், எல்லாம் சொல்வேன். பாதி விஷயம் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே தெரியவரும். தெரியாது என்று சொல்வது கடைக்குக் கௌரவக் குறைச்சல் என்று நினைத்திருந்த வயது. "நீ சொல்றதெல்லாம் கேட்டா கடைய மூடிட்டுப் பள்ளிக்கூடம் தொறக்கலாம்டா" என்று மாமா ஒரு நாள் சொன்னார். பாராட்டுகிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த மாமாதான் எனக்குப் பெண் பார்த்தார். மடுல்சீமைத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவருடைய மகள், காமாட்சி. கணக்கப்பிள்ளை எங்கள் கடையின் பழைய வாடிக்கை. ஜாதகம் பொருந்திவிட்டது, இரண்டு பக்கமும் பேசி முடித்தாயிற்று. வெற்றிலை மாற்றி நிச்சயம் செய்வதுதான் பாக்கி. அதற்கு முன்னால் சேலை எடுக்க அவர்கள் குடும்பத்தோடு பதுளைக்கு வருவதாக ஏற்பாடு. ஐப்பசி மாதம், அடைமழை. அதே சமயம் ஊருக்கு ஸ்பெஷல் நாடகமும் வந்திருந்தது. சேலை எடுத்துவிட்டு, ராத்திரி நாடகம் பார்த்துவிட்டு, காலையில் நல்ல நேரத்தில் வெற்றிலை மாற்றிக்கொண்டு போகலாமே என்று யோசனை சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? நானேதான். வேறு யாரையும் குறை சொல்ல எனக்கு வழியே இல்லை.

ஸ்பெஷல் நாடகம் என்றால் என்னவென்று இங்கே சொல்லிவிட வேண்டும். இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். கம்பெனி என்று ஒன்று கிடையாது. ஏஜெண்டு ஒருவர் ராஜபார்ட்டை ஒரு ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட்டை இன்னொரு ஊரிலிருந்தும், ஆர்மோனியக்காரரை வேறொரு ஊரிலிருந்தும் பேசி அழைத்து வருவார். ஒவ்வொருவருக்கும் நாடகம் முழுவதும் மனப்பாடம், ஆனால் அவரவர் வாத்தியாரிடம் படித்த பாடம். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. ராஜகுமாரனும் ராஜகுமாரியும் முதல்முதலாகச் சந்திப்பது மேடையில்தான். "உங்க பாடத்துல இந்த எடம் எப்பிடி வரும்?" என்று முன்கூட்டியே கேட்டால், கேட்டவருக்கு வித்தை போதாது என்று அர்த்தமாகிவிடும். அதனால் யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் ஊருக்கு வந்த ராஜபார்ட் மதுரைப் பக்கம். ஸ்திரீபார்ட் ஏற்ற அம்மாள் தஞ்சாவூர்ப் பக்கம். இரண்டு பேரும் பண்டாரவளையில் ஒரே ரயிலிலிருந்து இறங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், தனித்தனி வண்டியில் மழையோடு பதுளைக்கு வந்து சேர்ந்தார்கள்.

நாடகம், கோமளாங்கி சரித்திரம். கோமளாங்கி ஒரு ராஜகுமாரி. தன்னோடு தர்க்கம் செய்து கரையேறுகிறவனுக்குத்தான் மாலை போடுவேன் என்று சபதம் செய்திருக்கிறாள். ராஜகுமாரன் வளையல் விற்பவனாக வேஷம் போட்டு வந்து அவளோடு பாட்டாலேயே தர்க்கம் செய்கிறான். சேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் நான் இந்தக் கதையைக் காமாட்சியின் அம்மாவுக்கு விஸ்தாரமாகச் சொன்னேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஒருமுறை பார்த்திருக்கிறேன் என்ற தைரியம். "ராஜகுமாரன் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி ஜெயிச்சிடுவான், அத்தை. கடைசியில கல்யாணம். மங்களமா முடியும்" என்றேன். அத்தைக்குப் பரம திருப்தி. காமாட்சி தலை நிமிரவில்லை. ஒரு சேலைக் கரையை விரலால் நெருடிக்கொண்டிருந்தாள்.

நாடகம் நடந்தது பழைய கோப்பி ஸ்டோரில். மலையில் கோப்பி அழிந்து தேயிலை வந்த பிறகு, அந்தப் பெரிய தகரக் கட்டடம் சும்மா கிடந்தது. ஆனால் மழை பெய்தால் சுவர்ப் பலகைகளிலிருந்து கோப்பி வாசனை கிளம்பும். எனக்கு இன்றைக்கும் கோப்பி குடித்தால் ஆர்மோனியச் சத்தம் ஞாபகம் வரும், என்ன செய்வது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு கயிறு. அந்தப் பக்கம் காமாட்சி வீட்டார், இந்தப் பக்கம் மாமாவும் கணக்கப்பிள்ளையும் நானும். சுற்றுத் தோட்டங்களிலிருந்து சனம் கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நனைந்து வந்து நிறைந்திருந்தது.

தர்க்கம் ஆரம்பிக்கும்வரை எல்லாம் சுமாராகப் போயிற்று. சுமார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சமவெளிக்காரர்களின் தொண்டை எங்கள் குளிருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாள் ஒரு சுருதியில் முடித்தால் அவர் இன்னொரு சுருதியில் எடுப்பார். ஆர்மோனியக்காரர் யார் பக்கம் போவது என்று தெரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தர்க்கத்தில் அம்மாள் கேட்ட கேள்விக்கெல்லாம் ராஜபார்ட் டக் டக்கென்று பதில் பாடினார். சனம் ஆரவாரித்தது. கடைசிக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, மாலைக்காகக் கழுத்தை நீட்டினார். அம்மாள் மாலை போடவில்லை. இரண்டடி பின்வாங்கி, இன்னொரு கேள்வி கேட்டார். ராஜபார்ட் ஒரு கணம் திகைத்தார். பிறகு சமாளித்து ஒரு பதிலைக் கட்டிப் பாடிவிட்டு, மறுபடி கழுத்தை நீட்டினார். மறுபடி கேள்வி.

இப்படியே போயிற்று. அவர் விடவில்லை, அம்மாளும் விடவில்லை. பாடம் தீர்ந்துபோய், மேடையிலேயே கேள்வியும் பதிலும் முளைக்க ஆரம்பித்தன. இந்த ஊர் மூடுபனி பகலில் எங்கே போய்ப் படுக்கும் என்று அம்மாள் கேட்டார். உன் கூந்தலில்தான் என்று அவர் பாடினார். ஸ்டோர் அதிர்ந்தது. ஆனால் மாலை மட்டும் விழவில்லை. விடியப்போகும் நேரத்தில் ராஜபார்ட்டின் பற்கள் தாளம் போடுவது முன்வரிசைக்கே கேட்டது. தோட்டத்து ஆள் ஒருவர் எழுந்து போய்த் தன் கம்பளியைக் கொடுத்தார். ராஜகுமாரன் கிரீடத்தோடும் கம்பளியோடும் நின்று அடுத்த பதிலைத் தேடினார். அம்மாள் காத்திருந்தார். ராஜபார்ட் அப்போது விழித்த விழி இருக்கிறதே, அது எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுத்தது அல்ல. அதற்குள் சனம் கொத்துக் கொத்தாக எழுந்துகொண்டிருந்தது. விடிந்தால் தோட்டத்தில் பெரட்டு. பெயர் கூப்பிடும்போது ஆள் நிற்காவிட்டால் அன்றைய வேலை போய்விடும். கடைசியில் திரை இழுக்கிறவன் தானாகவே திரையை விட்டுவிட்டான். மாலை இல்லை, மங்களம் இல்லை.

வெளியே வந்ததும் மாமா மெதுவாக நல்ல நேரத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். அத்தை ஸ்டோர்ப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"பாதியில நின்ன கல்யாணத்தப் பாத்த கண்ணோட எப்பிடிங்க வெத்தல மாத்துறது? அந்த ரெண்டு பேருக்கும் மொதல்ல முடியட்டும். அப்புறம் நம்ம புள்ளைங்களப் பத்திப் பேசலாம்."

கணக்கப்பிள்ளை வானத்தைப் பார்த்தார். தோட்டத்தில் இருநூறு பேரை அதட்டுகிறவர், மாட்டைப் பூட்டச் சொல்லப் போய்விட்டார். அவர்கள் வண்டி பசறைப் பாதையில் போய் மறைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. காமாட்சியை நான் சரியாகப் பார்த்தது அன்று ஒரு தடவைதான், அதுவும் கயிற்றுக்கு மேலாக. ராஜகுமாரனுக்குக் கம்பளி கொடுத்தபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை மடுல்சீமைக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் யாருக்கு எதை விற்றேன் என்று இன்றுவரை தெரியாது. விஷயம் தள்ளிப்போனாலும் ஆபத்து. மார்கழி பிறந்தால் பேச்சு நின்றுவிடும். தை பிறந்தால் இந்தியாவிலிருந்து அவர்கள் உறவில் ஒரு முறைப் பையன் வந்து இறங்குவதாக இருந்தது.

நேரே நாடகக்காரர்களிடமே கேட்டுவிடலாம் என்று போனேன். ராஜபார்ட் தங்கியிருந்த அறையில் அவர் மிளகுக் கஷாயமும் கையுமாக உட்கார்ந்திருந்தார். என் கதையைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்த அம்மாளிடம் போனேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, தன் பாடத்தில் அந்தக் கட்டம் எப்படி என்று சொன்னார். அப்போதுதான் விஷயம் விளங்கியது. மதுரைப் பாடத்தில் ராஜகுமாரன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி ஜெயிக்கிறான். தஞ்சாவூர்ப் பாடத்தில் அப்படி இல்லை. எல்லாம் தெரிந்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன ராஜகுமாரி அவள். ஒருவன் வாய்விட்டு "தெரியாது" என்று சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருப்பாள். சொன்னவனுக்கு மாலை. "நான் என்ன வம்புக்கா நிக்கிறேன்? அவரு தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லட்டும், அடுத்த நிமிஷம் மாலைதான்" என்றார் அம்மாள். ஓடிப்போய் ராஜபார்ட்டிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார்.

"எங்க வாத்தியாரு எனக்கு எத்தனையோ பாட்டுச் சொல்லிக் குடுத்தாரு தம்பி. அந்த வார்த்தைய மட்டும் சொல்லிக் குடுக்கல. மேடையில நின்னா எனக்கு வாயில வர மாட்டேங்குது."

கடைசி வழியாக ஏஜெண்டைப் பிடித்தேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். இன்றைக்காவது முடிகிறதா பார்ப்போம் என்றுதான் கூட்டம் வருகிறது, முடித்துவிட்டால் யார் வருவார்கள் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

பிறகு அவர்கள் தோட்டம் தோட்டமாகப் புறப்பட்டார்கள். மடுல்சீமைக்கு மட்டும் போகவில்லை, அந்தப் பாதையில் பெட்டி ஏற்ற எந்த வண்டிக்காரனும் சம்மதிக்கவில்லை. நான் கடையில் நின்றபடி, வருகிற வண்டிக்காரர்களிடமெல்லாம் விசாரிப்பேன். நேற்று எங்கே ஆடினார்கள், முடிந்ததா, முடியவில்லையா? மற்றவர்கள் தேயிலை விலை கேட்ட நேரத்தில் நான் கோமளாங்கி விலை போனாளா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சேதி கொஞ்சம் கொஞ்சமாக நல்லபடியாக வந்தது. இப்போது இரண்டு பேரும் ஒரே வண்டியில் போகிறார்களாம். அவருக்கென்று வைத்த கஷாயத்தில் அம்மாளும் பங்கு கேட்கிறாராம். சுருதி ஒன்றாகிவிட்டதாம். ஆனால் தர்க்கம் மட்டும் விடிகிற மட்டும் இழுக்கிறதாம்.

பிறகு ஒரு நாள் பூனாகலையிலிருந்து வந்த வண்டிக்காரர் சொன்னார். முந்தின ராத்திரி ராஜபார்ட்டுக்குப் பாதி தர்க்கத்தில் தொண்டை அடியோடு கட்டிக்கொண்டதாம். வாயைத் திறக்கிறார், காற்றுத்தான் வருகிறது. வேறு வழியில்லாமல் இரண்டு கையையும் விரித்தாராம். அம்மாள் ஒரு நொடி அவரையே பார்த்தாராம். பிறகு மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுவிட்டாராம். சனம் எழுந்து நின்று கத்திய கத்தலில் பங்களாவிலிருந்து துரை ஆள் அனுப்பி விசாரித்தாராம். வண்டிக்காரருக்கு நான் கடையிலிருந்த நல்ல துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மாமா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

அதற்குப் பிறகு போன தோட்டங்களிலும் மாலை விழுந்ததாகவே சேதி வந்தது. கார்த்திகை முடிவதற்குள் அவர்கள் பதுளைக்குத் திரும்பி வந்தார்கள். பெரட்டுக்கு ஆள் வருவதில்லை என்று துரைமார் முணுமுணுத்ததால், இந்த முறை ஞாயிற்றுக்கிழமை பகலில் நாடகம். மாமா மடுல்சீமைக்கு ஆள் அனுப்பினார். இந்தத் தடவை முடிகிறது என்று நாலு தோட்டத்தில் சாட்சி இருப்பதாகச் சொல்லியனுப்பினார். அத்தை வந்தார்.

பகல் வெளிச்சத்தில் நாடகம் பார்த்திருக்கிறீர்களா? கூரை இடுக்குகளில் வெயில் இறங்கி, எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிடும். ராஜகுமாரியின் காதோரம் நரை. ராஜகுமாரனின் கால் கட்டைவிரலில் துணிக் கட்டு. சரிகைக்குக் கீழே ஒட்டுத் துணி, அது எங்கள் கடைத் துணி என்பதுகூடத் தெரிந்தது. ஆனாலும் என்ன அழகாக ஆடினார்கள்! அவர் மூச்சு வாங்கும் இடத்தில் அம்மாள் ஒரு சிறு சங்கதி போட்டு நிரப்பினார். அம்மாளுக்கு மேல்ஸ்தாயி எட்டாத இடத்தில் அவர் முன்கூட்டியே வந்து தாங்கிக்கொண்டார். முதல் நாள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு போனவர்கள்தானா இவர்கள் என்று இருந்தது. ஆர்மோனியக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். இத்தனை வாரங்களில் மழையும் வண்டிப் பாதையும் சேர்ந்து அவர்களுக்கு ஒத்திகை பார்த்துவிட்டிருந்தன.

தர்க்கம் வந்தது. கேள்வி, பதில், கேள்வி, பதில். கடைசிக் கேள்வியில் ராஜபார்ட் நிறுத்தினார். கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கண்ணில் நீர் தளும்ப, "தெரியாதே, பெண்ணே, தெரியாதே" என்று உருகி உருகிப் பாடினார். ஸ்டோர் முழுவதும் விசில். "ஒன்ஸ்மோர்" என்று கத்தினார்கள். அவர் கிரீடத்தைத் தலையில் வைத்து, மறுபடி கழற்றி, மறுபடி பாடினார். இன்னொரு ஒன்ஸ்மோர். இன்னொரு தடவை தெரியாதே. மாலை விழுந்தது, மங்களம் பாடினார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சந்தோஷத்தில் காது அடைத்துவிட்டது.

வெளியே வந்தோம். வெயில் சுள்ளென்று அடித்தது. மாமா தாம்பாளத்துக்கு ஆள் அனுப்பிவிட்டார். அத்தை முகமெல்லாம் சிரிப்பாக, "நல்லா முடிச்சாங்க. இல்லியா காமாட்சி?" என்று மகளைக் கேட்டார்.

காமாட்சி யோசித்தாள். நான் அவள் குரலை முதல்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

"முடிச்சாங்கம்மா. ஆனா ஒன்ஸ்மோர் கேட்டா திருப்பித் திருப்பிச் சொல்றாரே, அது தெரியாததா? அன்னைக்கு விடியக்கால அவரு முழிச்சாரு பாருங்க, அதான் எனக்கு நெசமாப் பட்டிச்சி."

அத்தையின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. காமாட்சி நேரே என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எது புடிச்சிச்சு? அன்னைக்குப் பாத்ததா, இன்னைக்குப் பாத்ததா?"

என் நிலையை நினைத்துப் பாருங்கள். இன்றையது என்றால் மகள் கைவிட்டுப் போவாள். அன்றையது என்றால் அத்தை வண்டியைக் கட்டச் சொல்லிவிடுவார். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, எப்போதும் வருகிற பேச்சு இப்போதும் வரும் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. உண்மையில் யோசித்துப் பார்த்தால், எது பிடித்தது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அன்றைய பிடிவாதமும் அழகாகத்தான் இருந்தது, இன்றைய இசைவும் அழகாகத்தான் இருந்தது.

"தெரியலீங்க" என்றேன்.

அவள் சிரித்தாள். இந்த முறை வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பி, "வெத்தலைய எடுங்கம்மா, நேரம் போவுது" என்றாள்.

தையில் கல்யாணம். உறவுக்காரப் பையன் வந்து, பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனான், நல்ல பிள்ளை. கோமளாங்கி மாலை போட்டதால்தான் தன் மகளுக்கு இடம் கூடிவந்தது என்று அத்தை கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் மறுத்ததில்லை. போன வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார். ராஜபார்ட்டும் அந்த அம்மாளும் அதற்குப் பிறகு சேர்ந்தே எல்லா ஊருக்கும் போனதாகக் கேள்வி. சிங்கப்பூரில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், அதற்கு மேல் தகவல் இல்லை.

கோப்பி ஸ்டோரைப் பிரித்துத் தகரத்தை விற்றுவிட்டார்கள். ஸ்பெஷல் நாடகமும் இந்தப் பக்கம் வருவது நின்றுபோயிற்று. இப்போது வருகிற கம்பெனிகள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுகின்றன. சுருதி பிசகுவதில்லை, ராஜகுமாரிக்கு நரை இல்லை, பிள்ளைகள் நேரத்தோடு வீட்டுக்கு வந்து தூங்குகின்றன. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை, குடும்பத்தோடு நாளைக்குப் போகத்தான் போகிறோம். ஆனால் மேடையில் நிற்கிறவர்களுக்கே எங்கே முடியும் என்று தெரியாத ஒன்றின் முன்னால், விடிந்தால் வேலைக்குப் போக வேண்டிய சனம் அத்தனையும் மழையில் நனைந்த உடம்போடு காத்திருந்ததே, அந்தக் காத்திருப்பை இப்போது எங்கும் காணோம். அதை நினைத்தால்தான் மனசு கனக்கிறது. எனக்கு ஒரு வீடும் வாசலும் அமைந்தது அந்தக் காத்திருப்பில்தான்.